மோட்டார்ஹோம் வெந்நீரில் நாற்றம்

மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டு வண்டிகளில் வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் கூமுட்டை நாற்றம் அடிப்பது, அமெரிக்காவிலும் கனடாவிலும் இவ்வண்டிகளில் பயணம் செய்வோருக்கு நன்கு பழக்கமான தொல்லை. நாற்றத்தைத் தருவது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. ஒரு லிட்டர் தண்ணீரில் 0.05 முதல் 0.1 மில்லிகிராம் வரை கரைந்திருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

முதலில் குளிர்நீர்க் குழாய், வெந்நீர்க் குழாய் இரண்டையும் தனித்தனியே திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். இரண்டிலும் நாற்றம் இருந்தால், வெளியிலிருந்து பிடித்து நிரப்பிய தண்ணீரிலோ வண்டியின் நன்னீர்த் தொட்டியிலோ கோளாறு இருக்கிறது. புளோரிடாவின் பல கிணறுகளில் தண்ணீரே கந்தக வாடையோடுதான் வரும். வெந்நீரில் மட்டும் நாற்றம் என்றால் ஹீட்டரின் தொட்டிதான் காரணம்.

வண்டி ஹீட்டர்கள் சிறியவை. பெரும்பாலும் 23 அல்லது 38 லிட்டர் கொள்ளும். வண்டி ஓடாமல் நிற்கும் வாரங்களில் இந்தத் தண்ணீர் ஆறி, தேங்கிக் கிடக்கும். அதிலிருந்த குளோரினும் நாளடைவில் போய்விடும். அப்போது சல்பேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. காற்றில்லாத இடத்தில் வாழும் இவை சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடுகின்றன. இவற்றால் நோய் வருவதில்லை. வீட்டு ஹீட்டர் என்றால் வெப்பத்தை 71 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றிச் சில மணி நேரம் வைத்தே இவற்றைக் கொன்றுவிடலாம். வண்டி ஹீட்டர்கள் பலவற்றில் வெப்பநிலை 54 முதல் 60 டிகிரிக்குள் நிலையாக வைக்கப்பட்டிருப்பதால் அந்த வழி கைகொடுக்காது.

தொட்டி எந்த உலோகம் என்பதும் முக்கியம். சபர்பன் நிறுவனத்தின் ஹீட்டர்களில் எஃகுத் தொட்டிக்கு உட்புறம் பீங்கான் பூச்சு இருக்கும். பூச்சில் விரிசல் கண்ட இடத்தில் துரு ஏறாமலிருக்க, வடிகால் மூடியோடு சேர்ந்த ஒரு மக்னீசியம் தண்டு தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எஃகுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதே அதன் வேலை. கரையும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் அந்த பாக்டீரியாக்களுக்குத் தீனியாகிறது. நாற்றம் தாளாமல் தண்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் மூடியைப் போடுவோர் உண்டு. இது பெருந்தவறு: நாற்றம் குறையலாம், தொட்டி ஓட்டையாகிவிடும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த தண்டை மாற்றிப் போடுவதே சரியான வழி. அட்வுட் ஹீட்டர்களில் தொட்டி அலுமினியம். அதற்குத் தண்டே கிடையாது, பிளாஸ்டிக் மூடிதான்.

சுத்தம் செய்யும் முன் கேஸையும் மின்சாரத்தையும் நிறுத்தி, தண்ணீர் வரத்தை மூடி, தொட்டி முழுக்க ஆற விட வேண்டும். பிறகு அழுத்த வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே மூடியைக் கழற்றலாம். சூடும் அழுத்தமும் இருக்கும்போது கழற்றினால் கொதிநீர் மேலே பீய்ச்சியடிக்கும். வெளியே வரும் தண்டைக் கண்ணால் பார்த்தாலே நிலைமை புரியும்: கட்டைவிரல் பருமனில் போட்ட தண்டு அங்கங்கே குழி விழுந்து, சில இடங்களில் நடுக்கம்பி மட்டும் மிஞ்சியிருக்கும். முக்கால் பங்கு கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். பின்னாலேயே தண்ணீரோடு சுண்ணாம்புச் செதில்களும் கசடும் கொட்டும். அந்தக் கசடில்தான் பாக்டீரியாக்கள் பதுங்கியிருக்கின்றன என்பதால், துளை வழியே குழாயை விட்டு, தெளிந்த நீர் வரும்வரை அலசுவதில் சோம்பல் கூடாது.

அடுத்தது குளோரின். வாசனை சேர்க்காத, 5 சதவீத வீட்டு பிளீச் திரவத்தை 100 லிட்டருக்குச் சுமார் 100 மில்லிலிட்டர் என்ற கணக்கில் நன்னீர்த் தொட்டியில் கலந்து, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை பம்பை ஓட்ட வேண்டும். ஹீட்டரை எரியவிடக் கூடாது. குளிர்காலத்துக்காக ஹீட்டரைத் தவிர்த்துத் தண்ணீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு அப்படியே இருந்தால், மருந்து ஹீட்டருக்குள் போகவே போகாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நான்கு மணி நேரமாவது ஊறிய பிறகு எல்லாவற்றையும் வடித்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலச வேண்டும்.

அலுமினியத் தொட்டிக்கு வினிகர் முறையும் உண்டு: இரண்டு பங்கு வெள்ளை வினிகரும் ஒரு பங்கு தண்ணீரும் நிரப்பி, சிலமுறை சூடாக்கி வடித்துவிடுவார்கள். எக்காரணத்தைக் கொண்டும் வினிகரையும் பிளீச்சையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஹீட்டரைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தால், மேலே சொன்ன ஹைட்ரஜன் தொட்டிக்குள் சேர்ந்திருக்கக்கூடும். அது தீப்பற்றும் வாயு. ஆகவே ஹீட்டரை மூட்டுவதற்கு முன் வெந்நீர்க் குழாயைச் சில நிமிடம் திறந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அருகே அடுப்போ சிகரெட்டோ எரியக் கூடாது. வண்டியை நீண்ட நாள் நிறுத்தி வைப்பதாக இருந்தால், ஹீட்டர் தொட்டியை முன்கூட்டியே வடித்துவிடுவது நாற்றத்துக்கும் வாயுவுக்கும் சேர்த்தே வழியடைத்துவிடும்.