கொழும்புக் கோட்டை இராணி மாளிகை: தனியார் மனையொன்று தேசாதிபதி இல்லமான வரலாறு

நாட்டு வரலாறு எழுதுவோர் போர்களையும் உடன்படிக்கைகளையும் ஆராயும் அளவிற்கு, ஆள்வோர் குடியிருந்த மனைகளை ஆராய்வதில்லை. மனையின் வரலாறு மண்ணும் மரமும் பற்றியது என ஒதுக்கப்படுகின்றது. ஆனால் ஒரு மனை யார் கையிலிருந்து யார் கைக்கு, எக்காரணத்தால், என்ன விலைக்கு மாறிற்று என்று வினவத் தொடங்கின், ஆட்சியின் உட்கிடக்கை பலவும் வெளிப்படும். இக்கருத்தை மனத்திற்கொண்டு, கொழும்புத் துறைமுகத்தை அடுத்த கோட்டைப் பகுதியில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆள்வோர் இருப்பிடமாக விளங்கிவரும் இராணி மாளிகையின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம். 1972 முதல் அது ஜனாதிபதி மாளிகை எனப் பெயர் பெற்றது.

அம்மனை நின்ற நிலத்திற்கு மனையினும் மூத்த வரலாறு உண்டு. போர்த்துக்கீசர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் கோட்டை அமைத்தபின், புனித பிரான்சிசுவின் பெயரால் தேவாலயம் ஒன்றை இங்கே எழுப்பினர். 1580-இல் தன் நாட்டையே போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக்கொடுத்த கோட்டை அரசன் தர்மபாலன் தன் இறுதிக் காலத்தைக் கொழும்பிலேயே கழித்து, 1597-இல் இறந்தான். 1656-இல் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றினர். போர்த்துக்கீசரின் தேவாலயம் பின்னர் இடிக்கப்பட்டது. அவ்வெற்று நிலத்தில்தான் ஒல்லாந்தரின் கடைசித் தேசாதிபதியான யொகான் வான் அங்கெல்பீக் தம் சொந்தக் குடியிருப்பாக இரண்டு மாடி கொண்ட இல்லம் ஒன்றைக் கட்டினார். சொந்தக் குடியிருப்பு என்பதனை நாம் அழுத்திக் கூற வேண்டியுள்ளது. பின்னாளில் வந்தோர் பலர் இதனைத் தொடக்கமுதல் அரசினர் மாளிகை எனக் கருதி எழுதியதே குழப்பத்திற்குக் காரணம்.

அங்கெல்பீக் நம் நாட்டினர்க்கும் தொடர்புடையவர். இலங்கைக்கு வருமுன் அவர் கொச்சியில் மலையாளக் கரையின் ஒல்லாந்தத் தலைவராக இருந்தவர். 1794-இல் இலங்கைத் தேசாதிபதி ஆனார். இரண்டே ஆண்டில், 1796 பெப்ரவரியில், கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். பெரும் போர் எதுவுமின்றிக் கோட்டை கைமாறியதால் அவர் காட்டிக்கொடுத்தார் என்ற பழி எழுந்தது. ஆயின், ஒல்லாந்தர் நம்பியிருந்த தெ மெரோனின் கூலிப்படை 1795-இலேயே ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்துவிட்டது. தாயகமோ பிரெஞ்சுப் புரட்சிப் படையின் பிடியில் இருந்தது. இந்நிலையில் கோட்டையை எத்துணை நாள் காத்திருக்க முடியும்? பழி கூறுவோர் இவ்வினாவிற்கு விடை கூறுவதில்லை. அங்கெல்பீக் கொழும்பை விட்டு நீங்காமல் தம் மனையிலேயே வாழ்ந்து 1799-இல் இறந்தார். கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்களின் எச்சங்கள் 1813-இல் வொல்வெண்டால் தேவாலயத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டன. நாட்டை இழந்தவர் தம் வீட்டை மட்டும் சாகும்வரை இழக்கவில்லை என்பது கருதத்தக்கது.

1796 முதல் 1798 வரை இலங்கைக் கரையோரம் சென்னையிலிருந்து ஆளப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அலுவலர் ராபர்ட் ஆண்ட்ரூஸ் சென்னை வரிமுறையை அப்படியே இலங்கையில் புகுத்தினார். அமுல்தார்களும் துபாசிகளும் தமிழகத்திலிருந்து கடல் கடந்தனர். தென்னை மரத்திற்கும் வரி விதிக்கப்பட்டது. அதன் பயனாக 1797-இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். சிங்களவரோடு தமிழரும் இக்கிளர்ச்சியில் பங்குகொண்டனர். அவர்களை ஒறுத்த அலுவலருள்ளும் தமிழர் பலர் இருந்தனர் என்பதை நாம் மறைத்தல் கூடாது. இக்குழப்பத்தின் பின்னரே பிரெடரிக் நார்த் 1798 அக்டோபரில் தேசாதிபதியாக வந்தார். 1802-இல் இலங்கை கம்பெனியின் தொடர்பு முற்றும் நீங்கி, ஆங்கில முடிக்கே உரிய குடியேற்ற நாடாயிற்று.

இனி மனை கைமாறிய செய்தியைக் காண்போம். அங்கெல்பீக்கின் சொத்துகளுக்கு உரியவரானவர் அவர் பேத்தி யாக்கோமினா கெர்த்ரூடா வான் டெர் கிராஃப். இவரை மணந்தவர் ஜார்ஜ் லெஸ்லி என்னும் ஆங்கிலேயர். இலங்கையின் முதல் தலைமுறை ஆங்கிலச் சிவில் அலுவலருள் ஒருவர். அரசுப் பணத்தைப் பட்டுவாடா செய்யும் தலைமைப் பொறுப்பு அவரிடம் இருந்தது. கணக்கை ஆராய்ந்தபோது அவர் பொறுப்பில் இருந்த பொதுப்பணத்தில் 10,000 பவுண் குறைந்தது. அக்குறையை ஈடுசெய்யும் தொகைக்கு அரசு அம்மனையை விலைக்குப் பெற்றது. 1804 சனவரி 17-இல் மனை அரசின் உடைமையாயிற்று. பத்து நாள் கழித்து, சனவரி 27-இல், நார்த் இதனை இலண்டன் அமைச்சருக்குத் தெரிவித்தார். தாம் இருக்கும் வீடு வசதியற்றது, அதில் விருந்துண்ணும் கூடமே இல்லை, ஆதலால் பொது விருந்துகளுக்கு லெஸ்லியின் வீட்டையே பயன்படுத்தி வந்தோம் என்பன அவர் காட்டிய காரணங்கள்.

இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். பணம் கையாண்டவர் இழப்பை ஈடுசெய்யத் தம் மனைவிவழி வந்த வீட்டைக் கொடுக்கின்றார். அவ்வீட்டில் ஏற்கெனவே விருந்துண்டு பழகிய தேசாதிபதி அதனை வாங்குகின்றார். குறைவுபட்டதும் அரசுப் பணம். விலையும் அரசுப் பணம். உண்மையில் கருவூலத்திற்குப் பணம் திரும்பி வரவில்லை, வீடுதான் வந்தது. நார்த்தைக் குற்றவாளி எனக் கூற நாம் துணியோம். கடன்பட்டவரிடமிருந்து கிடைத்ததைப் பெற்றுக்கொள்வது ஆட்சியாளர்க்கு இயல்பே. ஆயினும் விருந்துக்கூடம் இல்லை என்னும் காரணத்தை மட்டும் எடுத்துரைத்து, மாளிகையின் தோற்றத்தைத் தேவை ஒன்றாலேயே விளக்குவது போதாது.

அவ்வாண்டின் சூழலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1803-இல் நார்த் கண்டியின்மேல் படையெடுத்து, முத்துசாமி என்னும் நாயக்கர் குலத்தவனை அரியணையில் அமர்த்தினார். அவ்வாண்டு சூன் மாதத்தில் கண்டியிலிருந்த ஆங்கிலப்படை அழிந்தது, முத்துசாமியும் கொல்லப்பட்டான். படையிழந்து, பொருளிழந்து, கண்டியர் எல்லைகளில் தாக்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் தேசாதிபதிக்கு இரண்டு மாடி மனை கிடைத்தது.

நார்த் தமிழ் நிலத்திலும் ஒரு மாளிகை எழுப்பினார் என்பதைத் தமிழர் பலர் அறியார். மன்னார்க் கரையில் அரிப்பு என்னும் ஊரில், முத்துக்குளிப்பைக் கண்காணிக்கத் தேசாதிபதி தங்குதற்கென, கிரேக்க டோரிக் முறைத் தூண்களுடன் கடலை நோக்கிய மனை ஒன்று கட்டப்பட்டது. முத்துச் சலாபம் கூடும் பருவத்தில் தூத்துக்குடி, கீழக்கரை முதலிய ஊர்களிலிருந்து குளியாளர் படகுகளில் அங்கே திரள்வர். மணற்பரப்பு ஒரு பருவத்திற்கு மட்டும் நகராகும். சிப்பிகள் கரையேறியவுடன் அரசின் பங்கு பிரிக்கப்பட்டு ஏலம் விடப்படும். ஏலத்தில் எழுந்த பணமே அந்நாளில் இலங்கைக் கருவூலத்தின் பெரும் வருவாய்களுள் ஒன்று. கொழும்பு மாளிகையின் விருந்துகள் எதனால் நடந்தன என்று கேட்பவர் அரிப்புக் கடலின் அடியைத்தான் பார்க்க வேண்டும். முத்து நின்றது, அரிப்பு மாளிகையும் பயனற்றது. செங்கற் சுவர்கள் சிதைந்து, கரை அரிப்பால் ஒவ்வொரு பகுதியாகக் கடலில் சரிந்து வருகின்றன. ஒரே தேசாதிபதியின் காலத்துத் தோன்றிய இரண்டு கடற்கரை மனைகளுள் ஒன்று இன்றும் காவலுடன் நிற்க, மற்றொன்று வெட்டவெளியில் கிடப்பது காண்போர்க்கு வருத்தம் தரும்.

தனியார் மனை தேசாதிபதி இல்லமாதல் கொழும்பில் மட்டும் நிகழ்ந்ததன்று. சென்னையில் மதராஸ் கவர்னர் மாளிகையும் அவ்வகையினதே. போர்த்துக்கீச வணிகக் குடும்பமான மதேரோ குடும்பத்தாருடைய தோட்ட வீட்டைக் கம்பெனி 1753-இல் வாங்கிற்று. இராபர்ட் கிளைவின் மகனான எட்வர்டு கிளைவ் காலத்தில் அது விரிவு பெற்றது. விருந்து மண்டபமும் எழுந்தது. அம்மண்டபம் இராசாசி மண்டபமாக நிற்கின்றது. பழைய மாளிகையோ 2008-இல் புதிய சட்டமன்றக் கட்டடத்திற்கென இடிக்கப்பட்டது. மலைகளுக்குச் சென்றால் நிலை வேறு. கண்டியில் ஒரு மாளிகையும் நுவரெலியாவில் ஓர் ஓய்வு மனையும் தேசாதிபதிக்கு அமைந்தன. சேலத்தில் வெள்ளையர் சேர்வராயன் மலையில் ஏற்காட்டை நாடினர். அதனை அடுத்துள்ள கொல்லிமலையோ, அறப்பளீசுவரர் கோயிலுள்ள வளப்பூர் நாடு முதலான அதன் நாடுகளோ அவர்களை ஈர்க்கவில்லை. அம்மலைக் காய்ச்சலின் பெயர் அத்துணைக் கொடிதாக இருந்தது. கொசு காத்த நாடு என்று சிலர் நகைச்சுவையாகக் கூறுவது முற்றும் பொய்யன்று.

தேசாதிபதிகளுக்குக் கொழும்பு மனை மட்டும் போதவில்லை. கல்கிசையில் தாமஸ் மெயிற்லாந்து தொடங்கிய கடற்கரை மனையை எட்வர்டு பார்ன்ஸ் பேரரண்மனையாக விரிவாக்கினார். இலண்டன் அரசு அச்செலவை ஒப்பவில்லை. 1842-இல் அது விற்கப்பட்டது. பிற்காலத்தில் விடுதியாயிற்று. கண்டிப் பாதை அமைத்தவரும் பார்ன்ஸே. அவர் சிலை இராணி மாளிகையின் முன்னே வைக்கப்பட்டது. கொழும்பிலிருந்து செல்லும் நெடுஞ்சாலைகளின் தொலைவை அச்சிலையிலிருந்தே அளப்பது வழக்கம். ஆதலால் யாழ்ப்பாணத்தார் கொழும்பு எத்தனை கல் தொலைவு என்று கூறியபோதெல்லாம், தாம் அறியாமலே அம்மாளிகை வாயிலிலிருந்து அளந்து கூறினர்.

கண்டி அரசின் முடிவும் இக்கோட்டையோடு பிணைந்தது. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன், மதுரை நாயக்கர் உறவில் வந்தவன், 1815 பெப்ரவரி 18-இல் பிடிபட்டான். மார்ச்சு 2-இல் கண்டி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மலபாரிகள் என்று அதில் குறிக்கப்பட்ட அரசனின் உறவினர் ஆட்சியுரிமை இழந்து நாடு கடத்தப்பட வேண்டியவராயினர். அவ்வுடன்படிக்கையில் ஒப்பமிட்ட பிரதானிகள் சிலரின் கையொப்பங்களில் தமிழெழுத்து விரவியிருப்பதை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். அரசன் கொழும்புக் கோட்டைக்குள் ஒரு வீட்டில் வைக்கப்பட்டான். அதே கோட்டையில்தான் தேசாதிபதி பிரவுன்ரிக்கின் மாளிகையும் இருந்தது. 1816 சனவரியில் கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையை அடைந்த அவன், 1832 சனவரி 30-இல் அங்கேயே மறைந்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாளிகையின் சூழல் மாறிற்று. 1857-இல் அருகே மணிக்கூண்டு கட்டி முடிக்கப்பட்டது. தேசாதிபதி வார்டின் மனைவியார் எமிலி அதற்கு வரைபடம் அமைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து அதுவே கலங்கரை விளக்கமும் ஆயிற்று. கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. 1875-இல் வேல்ஸ் இளவரசர் அலைதாங்கிச் சுவருக்கு முதற்கல் வைத்தார். 1885-இல் அது நிறைவுற்றது. காலித் துறை பின்தங்க, கொழும்பு முதன்மை பெற்றது. 1889-இல் ஆர்தர் கோர்டன் தம் சொந்தச் செலவில் மாளிகையை ஒட்டிப் பூங்கா அமைத்தார். போர்த்துக்கீசர் முத்திரை பொறித்த பாறையொன்று துறைமுகப் பணியின்போது 1898-இல் வெளிப்பட்டது. பின்னர் அப்பூங்காவில் வைக்கப்பட்டது. தேவாலயத்தை இடித்த நிலத்தின் அருகே அதனை எழுப்பியோரின் கல் திரும்பி வந்தது எனலாம்.

சொற்களிலும் இம்மாற்றத்தைக் காணலாம். ஈழத்துத் தமிழர் ஆளுநரைத் தேசாதிபதி என்றனர். 1948 பெப்ரவரி 4-இல் நாடு விடுதலை பெற்றபின் அவர் மகாதேசாதிபதி ஆனார். 1972 மே 22-இல் குடியரசு பிறந்தபோது சொல் ஜனாதிபதி என்றாயிற்று. தேசத்தின் அதிபதி சனத்தின் அதிபதியான வேறுபாடு கருதத்தக்கதே. ஆயினும் மூவரும் குடியிருந்தது அதே மனை.

விடுதலைக்குப் பிற்பட்ட காலத்தில் இம்மனை தமிழர்க்கு அச்சம் நிறைந்த நாள்களோடு நினைவில் நின்றது. 1958 மே மாதத்தில் தமிழர்மேல் வன்முறை பரவியது. மே 27-இல் மகாதேசாதிபதி சர் ஒலிவர் குணதிலகா நெருக்கடி நிலையை அறிவித்து, ஆட்சியின் கடிவாளத்தை இம்மாளிகையிலிருந்தே கையாண்டார். அகதிகளான தமிழர் பலர் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேற்றப்பட்டு வடக்கே அனுப்பப்பட்டனர். அறிவிப்பு எழுதப்பட்ட மாளிகைக்கும் அவர்கள் ஏறிய துறைக்கும் இடைப்பட்ட தொலைவு சில நிமிட நடையே. அறிவிப்புச் சில நாள் முன்னரே வந்திருப்பின் என்னும் கேள்வி அன்றே எழுந்தது. அது நியாயமான கேள்வி என்பதே எம் கருத்து. 1987 சூலையில் இந்திய இலங்கை உடன்படிக்கை கையெழுத்தான மறுநாள், 30-ஆம் தேதி, இம்மாளிகை முன்றிலில் அணிவகுப்பைப் பார்வையிட்ட பிரதமர் இராசீவ் காந்தியைக் கடற்படை வீரன் ஒருவன் துப்பாக்கிப் பிடியால் தாக்கினான்.

2022 சூலை 9-இல் பொருளாதார நெருக்கடியால் வெகுண்ட மக்கள் மாளிகைக்குள் புகுந்தனர். ஜனாதிபதி கோத்தபாய இராசபக்ச துறைமுகத்திலிருந்து கடற்படைக் கப்பலில் ஏறிச் சென்றார் என்பது பின்னர் வெளிவந்த செய்தி. 14-ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து பதவி துறந்தார். அந்நாள்களில் மக்கள் குளத்தில் நீந்தினர், சாய்விருக்கைகளில் அமர்ந்தனர், சமையற்கூடத்தில் சமைத்தனர். உள்ளே கண்டெடுத்த ஏறத்தாழ 1 கோடியே 78 இலட்சம் ரூபாய் ரொக்கத்தை எண்ணிக் காவல் துறையிடம் ஒப்படைத்தனர். 1804-இல் பொதுப்பணத்தின் குறைவை ஈடுசெய்ய அரசின் கைக்கு வந்த மனையில், 218 ஆண்டுகளுக்குப் பின் குடிமக்கள் தரையில் அமர்ந்து பணம் எண்ணினர்.