துறையும் முதலும்: அல்பிரட் தம்பிஐயா குறித்து ஒரு நோக்கு

வணிகப் பெருமக்களின் வரலாறு அவர்கள் ஈட்டிய செல்வத்தின் வரலாறாக மட்டும் எழுதப்படுதல் பொருந்தாது. அச்செல்வம் எங்கே நிலைகொண்டது, எதனால் இடம்பெயர்ந்தது என்பனவும் ஆராயத்தக்கன.

பாய்மரக் கப்பற் காலத்தில் ஊர்காவற்றுறை தென்னிந்தியாவுடன் வாணிகம் நடத்திய துறையாகும். 1885 இல் கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்பணை நிறைவுபெற்றபின் நீராவிக் கப்பல்கள் அங்கேயே குவிந்தன. வடபுலத்தாரின் முதலும் முயற்சியும் அவற்றைப் பின்தொடர்ந்தன. அவ்வழியில் உயர்ந்தோருள் ஒருவர் அல்பிரட் லியோ தம்பிஐயா (பிறப்பு 1903). நடுத்துறையில் நங்கூரமிட்ட கப்பல்களின் சரக்கைப் படகுகளில் ஏற்றிக் கரைசேர்ப்பதே அன்றைய முறை. அத்தொழில் நடத்திய கார்கோ போட் டெஸ்பாட்ச் கம்பனி அவரது செல்வாக்கிற்கு அடித்தளமாயிற்று.

1947 இல் ஊர்காவற்றுறைத் தொகுதியின் முதலாவது பாராளுமன்ற உறுப்பினராகிய அவர், 1952 இலும் வென்றார். மொழியுரிமையே தலையாய வினாவாக நின்ற 1956 தேர்தலில் தமிழரசுக் கட்சியின் வீ. ஏ. கந்தையாவிடம் தோல்வியுற்றார். செல்வரை இருமுறை தெரிந்த மக்கள் அவ்வாண்டு உரிமைக் குரலையே பெரிதென மதித்தனர். 1958 இல் துறைமுகச் சரக்குப் பணி அரசுடைமையாகிக் கூட்டுத்தாபனமொன்றின் கீழ் வந்தது.

ஈராண்டு இடைவெளியில் தொகுதியும் தொழிலும் கைவிட்டுப் போயின. முதலோ அழியவில்லை, கொழும்பிலேயே விடுதித் தொழிலாக அது உருமாறிற்று.

அம்முதல் தீவகத்திலேயே நின்றிருப்பின் நிலைத்திருக்கும் எனவும் கூறவியலாது. 1983 இல் கொழும்பிலே தமிழர் வணிக நிலையங்கள் எரியூட்டப்பட்டன. 1990 இல் ஊர்காவற்றுறையே போர்க்களமாகி மக்கள் இடம்பெயர்ந்தனர். எனவே, காலம் மாறுந்தோறும் தொழிலை மாற்றி எழும் ஆற்றலே அவர் விட்டுச்சென்ற உண்மையான முதல் எனலாம்.