பெரியண்ணனும் சின்னண்ணனும்

சென்னையிலிருந்து அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்து மேற்கே ஓடும் ரயில் பாதை அரக்கோணம், ஜோலார்பேட்டை தாண்டித் திருப்பத்தூருக்குப் போகிறது. (சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர் வேறு.) 1921-இல் இரண்டு டாக்டர்கள் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் எர்னெஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் தொழிலில் செழித்த குடும்பத்துப் பிள்ளை.

ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரரும் இந்தியரும் ஒரே கூரையின் கீழ் சமமாக வாழ்வது என்பதை அன்று பலர் விபரீதமாகத்தான் பார்த்திருப்பார்கள். மிஷன் வளாகங்களின் நிலையும் மெச்சும்படி இல்லை. துரை பங்களாவில் இருப்பார். உபதேசியார் வாசலில் நிற்பார். 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா இதை முகத்துக்கு நேரே சொன்னார். தியாகம் செய்ய வருகிறீர்கள், சரி. எங்களோடு நட்பு கொள்ள ஏன் தயங்குகிறீர்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். அரங்கில் பலருக்கு அது கசந்தது.

அந்தக் கேள்விக்குத் திருப்பத்தூரில் வாழ்ந்தே பதில் சொன்னார்கள் என்பது என் எண்ணம். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார்கள். பேட்டனுக்கு வந்த குடும்பச் சொத்து ஆசிரமத்துக்கும் அதன் மருத்துவமனைக்கும் போனது. கோபுரத்தோடு, கோயில் கட்டடக்கலையில் எழுந்தது அவர்களுடைய ஜெபாலயம். ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் எல்லோரும் அழைத்தார்கள். வயதுக் கணக்கிலும் அது சரிதான். ஆனால் பிரிட்டிஷ் ஆட்சியில் ஒரு வெள்ளைக்காரருக்கும் இந்தியருக்கும் இடையே மூத்தவர் யார் என்பதை வயதா தீர்மானித்தது? பணமும் நிறமும் தன் பக்கம் இருந்தும் பேட்டன் இரண்டாவது இடத்தில் இருக்கச் சம்மதித்தாரே, சமாதானம் பேசிய எத்தனையோ பாதிரிமார் செய்யாத காரியம் அது.

1932-இல் சட்டமறுப்பு இயக்கம் மறுபடி சூடு பிடித்தது. சென்னையில் அந்நியத் துணிக் கடைகள் முன் மறியல் நடந்துகொண்டிருந்த நேரம். கதர் உடையில் அந்தப் பக்கம் வந்த சின்னண்ணன் மீது போலீஸார் சாயத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள், லத்தியாலும் அடித்தார்கள். கைது செய்து வழக்கும் போட்டார்கள். செய்தி பரவியதும் அரசுக்குத் தர்மசங்கடம். வழக்கு கைவிடப்பட்டது, லண்டன் நாடாளுமன்றம் வரை விவகாரம் போனது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த மாதங்களில் மறியலில் அடிபட்ட தமிழ்த் தொண்டர்கள் ஏராளம். அவர்கள் ஒவ்வொருவருக்காகவும் லண்டனில் யாரும் எழுந்து கேள்வி கேட்கவில்லை. அவர்களில் பலர் சிறைக்குத்தான் போனார்கள். தம்பி ஸ்தானத்தை விரும்பி ஏற்றவரை அரசாங்கம் கடைசிவரை துரையாகவே கணக்கில் வைத்திருந்தது.