கொப்பரை அரிப்பு: கொழும்பு, 1912

யாருக்காவது உடம்பு அரிச்சா நாம முதல்ல என்ன கேட்போம்? "ஒழுங்கா குளிக்கிறியா?" இன்னிக்கு எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தினதுதான்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கம். இலங்கையில் கொப்பரை பெரிய ஏற்றுமதிச் சரக்கு. கொப்பரை ஆலைகளில் வேலை செஞ்சவங்களுக்கு கை, கால்ல ஆரம்பிச்சு உடம்பு முழுக்க அரிப்பு வந்தது. சின்னச் சின்னப் பருக்கள், சொறிஞ்ச இடமெல்லாம் புண். பார்த்தா அசல் சிரங்கு மாதிரியே இருக்கும். சிரங்குன்னு சொல்லிட்டா கூடவே ஒரு பட்டமும் வந்துடுமே: சுத்தபத்தம் இல்லாத ஆளு, கிட்ட போகாதே!

அப்போ கொழும்பில் இருந்த இத்தாலிய மருத்துவர் ஆல்டோ கஸ்டெல்லானி, 1912-ல் இதைத் தனி நோயா விவரிச்சு எழுதினார். கொப்பரைத் தூசியில் மைட் இருந்தது. எட்டுக் கால், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உயிரி. சிரங்கு மைட் தோலைக் குடைஞ்சு உள்ளே போய் முட்டையிடும். இதுக்கு மனுஷத் தோலே வேண்டாம். கொப்பரையின் கொழுப்பும், சரியா காயாத கொப்பரையில் படரும் பூஞ்சையும் போதும். தோலில் பட்டா ஒவ்வாமை, அவ்வளவுதான். அந்தத் தூசியை ஆரோக்கியமானவங்க தோலில் தேய்ச்சுப் பார்த்தாங்க. அதே பருக்கள் வந்தது. (இன்னிக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் இதுக்குத் தலையாட்டாது.) ஆக, நோய் ஆளுகிட்ட இல்ல, மூட்டையில இருந்தது.

இது புது விஷயமும் இல்ல. 1850-களிலேயே லண்டனில் ஆர்தர் ஹில் ஹஸால் பழுப்புச் சர்க்கரையை மைக்ராஸ்கோப்பில் வெச்சுப் பார்த்து, உள்ளே மைட் ஊர்றதைக் காட்டினார். சர்க்கரை அள்ளினவங்க கையில் வந்த அரிப்புக்கு அங்கே இருந்த பேரு என்ன தெரியுமா? 'மளிகைக்காரர் அரிப்பு'! சரக்கை விட்டுட்டு, அள்ளினவர் மேல பேரை ஒட்டிட்டாங்க. அந்த வகையில் 'கொப்பரை அரிப்பு'ங்கிற பேரு எவ்வளவோ நியாயமானது.

பிரிட்டிஷ் மியூசியத்தின் ஸ்டான்லி ஹர்ஸ்ட் இந்த மைட் வகைக்கு கஸ்டெல்லானியின் பேரையே வெச்சார். பின்னாடி முசோலினியின் எத்தியோப்பியப் போருக்கு மருத்துவரா போனாரே, அதே கஸ்டெல்லானிதான். அந்தப் பேரும் நிலைக்கல. இப்போ அதை டைரோஃபேகஸ் புட்ரெசென்ஷியே என்ற பழைய இனத்தோடு சேர்த்துட்டாங்க. சீஸ், பதப்படுத்தின பன்றி இறைச்சி, நாய் பிஸ்கட், எது கிடைச்சாலும் அதுக்கு விருந்துதான்; கொஞ்சம் ஈரப்பதம் மட்டும் இருக்கணும்.