செல்ஃப் சுற்றும், வண்டி பிடிக்காது: அந்தமானில் பழுதறியும் தொழில்

சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் என்ஜினைச் சுற்றுகிறது. என்ஜின் மட்டும் பிடிக்க மறுக்கிறது. பட்டறைக்கு வரும் புகார்களில் இது தனி ரகம். 'டக்' என்ற ஒலியோடு அடங்கிவிடும் வண்டியில் பேட்டரியையும் செல்ஃபையும் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும். நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டியில் எரிபொருள், தீப்பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று இல்லை. அல்லது மூன்றும் இருந்தும் நேரம் தப்பி வருகின்றன. எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கண்டுபிடித்தபின் ரிப்பேர் பல நேரம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்தப் புகார் செல்ஃப் மோட்டாரோடு கூடப் பிறந்தது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-இல் கேடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன் ஹேண்டில் போட்டுத்தான் என்ஜினைச் சுற்ற வேண்டும். ஹேண்டிலில் ஒரு வசதி இருந்தது: சுற்றுபவரின் கையே சோதனைக் கருவி. ஒவ்வொரு பிஸ்டனும் மேலேறும்போது ஹேண்டில் எதிர்த்துத் தள்ளும். நான்கு தள்ளலில் ஒன்று மட்டும் சொதசொதவென்று போனால் அந்தச் சிலிண்டரில் வால்வோ ரிங்கோ கெட்டிருக்கிறது என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். செல்ஃப் வந்ததும் அந்த அறிவு கையிலிருந்து காதுக்கு இடம் மாறியது. இந்தியாவில் இந்த மாற்றம் மெதுவாகவே நடந்தது. அம்பாசடரிலும் ஜீப்பிலும் செல்ஃப் இருந்தும், முன்பக்கம் ஹேண்டில் போடும் துளை பல காலம் நீடித்தது.

அந்தமானுக்கு என்ஜின் நீராவியாக வந்தது. 1858-இல் கைதிகள் குடியிருப்பு தொடங்கிய பின், பீனிக்ஸ் பே பட்டறைகளில் கைவினை தெரிந்த கைதிகள் இரும்பு வேலை செய்தார்கள். 1883-இல் சாத்தம் தீவில் மர அறுவை ஆலை நிறுவப்பட்டது. நீராவி என்ஜினில் 'சுற்றுகிறது, பிடிக்கவில்லை' என்ற பேச்சுக்கே இடமில்லை. அழுத்தம் ஏறினால் ஓடும், ஏறாவிட்டால் மானி காட்டிக்கொடுக்கும். பெட்ரோல், டீசல் வண்டிகள் பெருகியதெல்லாம் சாலைகள் பெருகிய பிறகுதான். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் இருந்து மீண்ட தீவுகளில், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் காடு திருத்திக் குடியேறினார்கள். 1956 நவம்பர் 1-இல் ஒன்றியப் பகுதி என்ற தகுதி கிடைத்தது. தெற்கே போர்ட் பிளேரையும் வடக்கே திக்லிபூரையும் இணைக்கும் அந்தமான் டிரங்க் ரோடு 1970-களில் உருப்பெறத் தொடங்கியது.

அந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டி என்றால் கார்புரேட்டரும், தீப்பொறிக்காகக் கரண்டைத் துண்டித்து இணைக்கும் பாயிண்டும்தான். நாடு முழுவதும் ஒரே இலக்கணம்: 1951-இல் தொடங்கிய மைகோவின் பிளக், 1961-இல் சென்னையில் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ்ஸின் டிஸ்ட்ரிபியூட்டர், காயில், செல்ஃப். தீவில் கூடுதலாக இருந்தது ஈரமும் உப்பும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், விடிகாலையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் வியர்த்திருக்கும். காயிலிலிருந்து வரும் உயர் மின்னழுத்தம் பிளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே பாடிக்கு இறங்கிவிடும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினால் வண்டி பிடித்துவிடும். மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் பேக்கலைட் மூடியில் மயிரிழை போலக் கரிக்கோடு விழும். அதற்குப் பிறகு துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவது என்ற இடத்தில்தான் தீவின் கணக்கு வேறாகிறது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். கப்பலுக்கு ஏறக்குறைய மூன்று நாள், அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும் நாள் தனி. சென்னையில் பட்டறைக்காரர் சந்தேகப்பட்ட சாமானை ஜி.பி. ரோட்டில் வாங்கி மாட்டிப் பார்க்கலாம். அது இல்லையென்றால் அடுத்ததை மாட்டலாம். தீவில் ஊகத்துக்கு விலை அதிகம். சாமான் வருவதற்கு முன்பே குற்றவாளி யாரென்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். வரிசை பிடித்துச் சோதிக்கும் பழக்கத்தைப் புத்தகத்தைவிடக் கப்பல் அட்டவணையே அழுத்தமாகக் கற்றுக்கொடுத்திருக்கும்.

அந்த வரிசை பிளக்கில் தொடங்கும். சில முறை செல்ஃப் அடித்தபின் ஒரு பிளக்கைக் கழற்றினால் இரண்டு கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. நுனி நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் எண்ணெய் வருகிறது, தீ இல்லை, அல்லது சோக்கை இழுத்து இழுத்தே என்ஜின் மூழ்கியிருக்கிறது. நுனி காய்ந்திருந்தால் எண்ணெயே வரவில்லை, ஏ.சி. பம்ப் எனப்படும் பெட்ரோல் பம்பையும் கார்புரேட்டரின் ஊசியையும் பார்க்க வேண்டும். பிறகு அதே பிளக்கை ஒயரோடு சேர்த்து என்ஜினின் இரும்பில் சாய்த்துவைத்து, வழிந்த பெட்ரோலைத் துடைத்துவிட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்வார்கள். நீலமாகச் சடசடத்தால் கரண்ட் சரி. மஞ்சளாகச் சோம்பினால் பாயிண்ட் கருகியிருக்கலாம், கண்டன்சர் போயிருக்கலாம். உப்புத்தாளை மடித்துப் பாயிண்டைத் தேய்த்து, 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வைத்தால் பாதி வண்டிகள் கிளம்பிவிடும். ஃபீலர் கேஜ் இல்லாத இடங்களில் பிளேடுத் துண்டுகள் அந்த வேலையைச் செய்தன.

லாரி, பஸ், ஜெனரேட்டர், மீன்பிடிப் படகு என்று தீவு வாழ்க்கையின் பெரும்பகுதி டீசலில் ஓடியது. டீசலுக்குத் தீப்பொறி வேண்டாம், அழுத்தத்தின் சூடே போதும். அதனால் சந்தேகப் பட்டியல் சுருங்கிவிடுகிறது. பெரும்பாலும் குழாயில் காற்றுப் பிடித்திருக்கும், இல்லாவிட்டால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கும். டேங்க் காலியாகும்வரை ஓட்டினாலோ ஃபில்டர் வாஷர் கசிந்தாலோ காற்று உள்ளே போகும். ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி அழுத்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வழியும்வரை காத்திருந்து இறுக்க வேண்டும். பிறகு நாசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி செல்ஃப் அடித்து அதே காரியம். தண்ணீர்ப் பிரச்சினை இன்னும் நுட்பமானது. பாதி நிரம்பிய டேங்கில் இரவின் ஈரம் நீராகப் படிந்து அடியில் தங்கும். டீசலும் நீரும் தொடும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து ஃபில்டரை வழுவழுப்பான கசடால் அடைக்கும். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். காற்றிலேயே ஈரம் தங்கியிருக்கும் தீவில் அடிக்கடி நடக்கும்.

டிரங்க் ரோட்டில் வண்டி பிடிக்காமல் போவதற்கு வேறொரு பரிமாணம் உண்டு. ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் வரை சாலை ஜராவா பழங்குடி மக்களின் காப்பகத்தின் வழியே செல்கிறது. 2002-இல் உச்ச நீதிமன்றம் சாலையின் சில பகுதிகளை மூடச் சொன்னது. சாலை மூடப்படவில்லை, போக்குவரத்துதான் கட்டுப்படுத்தப்பட்டது. குறித்த நேரங்களில் போலீஸ் காவலோடு கான்வாய் கிளம்பும். நடுவே வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கிற இடமல்ல அது, அப்படி இருக்கவும் கூடாது. கார்புரேட்டர் வண்டிக்குச் சிக்கல் கான்வாய் வரிசையிலேயே தொடங்கியிருக்கும். ஓடிச் சூடேறிய என்ஜினை அணைத்துக் காத்திருக்கும்போது, காற்று வீசாத பானட்டுக்குள் சூடு மேலும் ஏறும். குழாயில் உள்ள பெட்ரோல் ஆவியாகி, பம்ப் திரவத்துக்குப் பதில் ஆவியை இழுக்கும். பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவதே இதற்கு ஓட்டுநர்கள் கண்ட வைத்தியம். கோளாறு என்று எதுவும் இல்லாமலே வண்டி பிடிக்காமல் போகும் அரிய சந்தர்ப்பம் இது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நிகோபார் தீவுகளும் போர்ட் பிளேரின் தாழ்வான பகுதிகளும் கடல்நீரில் மூழ்கின. உப்பு நீரில் கிடந்த என்ஜினுக்கு மேற்சொன்ன வரிசை பொருந்தாது. முதல் விதியே செல்ஃப் அடிக்கக் கூடாது என்பதுதான். தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் அது நிற்கும்போது சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கையோ நாசிலையோ கழற்றி, கையால் சுற்றி நீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றியபின்தான் சாவியைத் தொட வேண்டும். அப்படி உயிர்பெறும் வண்டியும் சில மாதங்களில் ஒயரிங்கில் பச்சை பூத்து மீண்டும் படுத்துவிடக்கூடும்.

2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் விடைபெற்று, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. 1983-இல் அறிமுகமான மாருதி 800-உம் அந்தச் சமயத்தில் மாறியது. பாயிண்ட், ரோட்டார், சோக் எல்லாம் மறைய, கேள்விகள் மட்டும் அப்படியே இருந்தன. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு நொடி முனகுகிறதா? செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் சற்றாவது எழுகிறதா? எழாவிட்டால் கிராங்க் சென்சார் மீது சந்தேகம், ஏனெனில் என்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. சாவி விளக்கு மினுக்கினால் இம்மொபிலைசர் வழிமறிக்கிறது. வழக்கத்தைவிட லேசாக, ஒரே சீராகச் செல்ஃப் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது. ஹேண்டில் காலத்துக் கை உணர்ந்ததைக் காது இங்கே கேட்கிறது.

ஸ்கேனர் வந்தபின் வேலை எளிதாகிவிட்டது என்பது பாதி உண்மை. கிராங்க் சென்சாரில் சிக்னல் இல்லை என்று பி0335 கோடு வந்தால், அது சென்சார் கெட்டது என்று சொல்லவில்லை; சிக்னல் வந்து சேரவில்லை என்கிறது. கடற்காற்றில் கனெக்டர் முள் பச்சை பிடித்தாலும், எர்த் ஒயரின் முனை துருப்பிடித்தாலும் அதே கோடுதான் வரும். ஸ்கேனரைப் பார்த்ததுமே சென்சாருக்கு ஆர்டர் போடுபவர் கப்பலுக்குக் காத்திருந்து ஏமாறுவார். மீட்டரை வைத்து ஒயரின் இரு முனையையும் அளப்பவர் அன்றே வண்டியை அனுப்பிவைப்பார்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 புகை விதிப்படி வரும் வண்டிகளில், கம்பெனி மென்பொருள் இல்லாமல் சில வேலைகளைத் தொடவே முடியாது. புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்துவதும் அவற்றில் ஒன்று. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் அந்த வசதி கிடைக்கும். திக்லிபூரில் அப்படியொரு வண்டி படுத்தால், அதைக் கட்டி இழுத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே கொண்டுவர வேண்டியிருக்கும்.