'மாற்றமே கூடாது' என்ற திருச்சபை மாறியது எப்படி? 2-ம் வத்திக்கான் சங்கத்தில் நடந்தது என்ன?

தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலான கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறு பூசை தமிழில்தான் நடக்கிறது. பாதிரியார் மக்களைப் பார்த்து நின்று ஜெபம் சொல்கிறார். மக்களில் ஒருவரே எழுந்து போய் பைபிள் வாசிக்கிறார். காலங்காலமாக இப்படித்தான் இருந்திருக்கும் என்று இன்றைய தலைமுறை நினைக்கலாம்.

ஆனால் 1960-களின் தொடக்கம் வரை நிலைமையே வேறு. பாட்டும் பிரசங்கமும் தமிழில் இருக்கும். பூசையின் ஜெபங்கள் லத்தீனில். பாதிரியார் பீடத்தைப் பார்த்து நிற்பார். மக்களுக்குத் தெரிவது அவர் முதுகு மட்டும்தான். அவர் சொல்வது புரியாததால், பலர் அந்த நேரத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்த மாற்றத்துக்கு வழி திறந்தது ரோமில் 1962 முதல் 1965 வரை நடந்த 2-ம் வத்திக்கான் சங்கம். 'நாங்கள் மாறவே மாட்டோம்' என்பதையே பெருமையாகச் சொல்லிவந்த ஒரு அமைப்பு எப்படி மாறியது? எது மாறாமல் நின்றது?

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது?

சுருக்கமாகச் சொன்னால், பயத்திலிருந்து. பிரெஞ்சுப் புரட்சி திருச்சபையின் சொத்துகளையும் செல்வாக்கையும் பறித்தது. இத்தாலி ஒரே நாடாக இணைந்தபோது போப்பின் ஆட்சிப் பகுதிகள் கைவிட்டுப் போயின. விஞ்ஞானம், ஜனநாயகம், பத்திரிகைச் சுதந்திரம் என எல்லாமே எதிரியாகத் தெரிந்தன.

1864-ல் போப் 9-ம் பயஸ், தவறான கருத்துகள் என்று 80 கருத்துகளைப் பட்டியல் போட்டுக் கண்டித்தார். முன்னேற்றத்தோடும் நவீன நாகரிகத்தோடும் போப் சமரசம் செய்துகொள்ளலாம் என்பது அதில் கடைசிக் கருத்து. 1910 முதல் பாதிரியார்களும் இறையியல் ஆசிரியர்களும் நவீனக் கொள்கைகளுக்கு எதிராக உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. கத்தோலிக்கர்கள் படிக்கக் கூடாத புத்தகங்களின் பட்டியல் 1559-லிருந்தே இருந்தது.

கேள்வி கேட்டவர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். பிரான்ஸைச் சேர்ந்த இறையியலாளர் இவ் கோங்கார் 1954-ல் ஆசிரியர் பணியிலிருந்து நீக்கப்பட்டு, வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டார். மதச் சுதந்திரம் பற்றி எழுதிய அமெரிக்க இயேசு சபைப் பாதிரியார் ஜான் கோர்ட்னி முர்ரே, அந்த விஷயத்தையே தொடக் கூடாது என்று தடுக்கப்பட்டார். இருவருமே சபையை விட்டுப் போகவில்லை.

76 வயதில் போப் ஆனவர் போட்ட குண்டு

1958 அக்டோபரில் போப் ஆனார் 23-ம் ஜான். இத்தாலியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது வயது 76. 'கொஞ்ச காலம் இருப்பார், பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டார்' என்பதுதான் பலருடைய கணக்கு.

அந்தக் கணக்கு 3 மாதம்கூட நிற்கவில்லை. 1959 ஜனவரி 25-ம் தேதி, பொதுச்சங்கம் கூட்டப்போவதாக அறிவித்தார். பொதுச்சங்கம் என்றால் உலகம் முழுவதிலும் உள்ள ஆயர்கள், அதாவது பிஷப்கள், ஒன்றுகூடி முடிவெடுக்கும் மாநாடு. அதற்கு முந்தையது நடந்தது 1869-70-ல்.

1962 அக்டோபர் 11-ம் தேதி 2,400-க்கும் மேற்பட்ட ஆயர்களோடு சங்கம் தொடங்கியது. எங்கே பார்த்தாலும் அழிவு மட்டுமே தெரிகிறது என்று புலம்புகிறவர்களோடு தனக்கு உடன்பாடு இல்லை என்றார் போப். நம்பிக்கையின் சாரம் வேறு, அதை எடுத்துச் சொல்லும் விதம் வேறு என்றும் பிரித்துக் காட்டினார். சாரத்தைத் தொடாமல் விதத்தை மாற்றலாம் என்ற இந்த வாசல்தான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

முதல் மோதல்: பட்டியலை யார் போடுவது?

போப் விரும்பினாலும் வேலை நடப்பது அலுவலகங்களில்தானே? சங்கத்துக்கான சுமார் 70 வரைவு அறிக்கைகளை, பெரும்பாலும் வத்திக்கான் நிர்வாகத்தின் பிடியில் இருந்த ஆயத்தக் குழுக்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தன. ஆயர்கள் வந்து, கையைத் தூக்கி, ஊருக்குத் திரும்பிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது.

கோட்பாட்டுக் காவல் துறையாக இருந்த 'புனித அலுவலகம்' கர்தினால் ஒத்தாவியானியின் கையில் இருந்தது. 'எப்போதும் அதுவே' என்ற பொருள் தரும் லத்தீன் வாசகத்தைத் தன் விருதுவாக்காக வைத்திருந்தவர் அவர்.

அக்டோபர் 13-ம் தேதி முதல் வேலை நாள். 10 குழுக்களுக்குத் தலா 16 பேரை உடனே தேர்ந்தெடுக்க வேண்டும். வாக்குச்சீட்டோடு, ஆயத்தக் குழுக்களில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் கொடுக்கப்பட்டது. ஒருவரை ஒருவர் தெரியாத ஆயர்கள் அந்தப் பெயர்களைத்தானே எழுதுவார்கள்?

அப்போதுதான் பிரான்ஸின் கர்தினால் லியேனார் மைக்கைப் பிடித்தார். 'யார் யார் என்றே தெரியாமல் எப்படி ஓட்டுப் போடுவது? அவகாசம் வேண்டும்' என்பதே அவர் பேச்சின் சாரம். ஜெர்மனியின் கர்தினால் ஃபிரிங்ஸ் அதை ஆதரித்தார். பலத்த கைதட்டல். தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. 3 நாட்கள் கழித்து, ஆயர்கள் தங்களுக்குள் பேசித் தயாரித்த பட்டியல்களோடு வந்து வாக்களித்தார்கள்.

கேட்பதற்கு இது வெறும் நடைமுறைப் பிரச்னை. ஆனால் சங்கத்தின் போக்கே அங்கேதான் மாறியது. கொள்கை இறுக்கம் பல நேரம் கொள்கையில் இருப்பதில்லை. யார் குழுவில் உட்காருவது, யார் வரைவு எழுதுவது, எது விவாதத்துக்கு வரும் என்பதில்தான் இருக்கிறது.

குறைந்தது 105 ஓட்டு

நவம்பரில் அடுத்த மோதல். கடவுளின் வெளிப்பாடு பற்றியும் பைபிள் பற்றியும் புனித அலுவலகத்தின் பார்வையில் எழுதப்பட்ட வரைவை ஏற்பதா, நிறுத்துவதா?

நவம்பர் 20-ம் தேதி வாக்கெடுப்பு. நிறுத்த வேண்டும் என்றவர்கள் 1,368 பேர். தொடரலாம் என்றவர்கள் 822 பேர். ஆனால் நிறுத்துவதற்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1,473 ஓட்டுகள் தேவை. 105 ஓட்டு குறைந்ததால், பெரும்பாலோர் வேண்டாம் என்ற வரைவே விவாதத்தில் நீடிக்கும் நிலை.

மறுநாள் போப் தலையிட்டு வரைவைத் திரும்பப் பெற்றார். திருத்தி எழுத ஒரு கூட்டுக் குழுவை அமைத்து, அதற்கு இரண்டு தலைவர்களை நியமித்தார். ஒருவர் சீர்திருத்த ஆதரவாளரான கர்தினால் பெயா. இன்னொருவர் அதே ஒத்தாவியானி.

23-ம் ஜான் 1963 ஜூன் 3-ம் தேதி காலமானார். அடுத்து வந்த போப் 6-ம் பால் சங்கத்தைத் தொடர்ந்து நடத்தினார். மாற்றி எழுதப்பட்ட அந்த அறிக்கை 1965 நவம்பரில் இறுதி வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவு 2,344, எதிர்ப்பு 6. எதிர்த்தரப்பை வெளியே தள்ளாமல், 3 வருஷம் கூடவே உட்கார வைத்துப் பேசியதன் பலன் இது.

என்னவெல்லாம் மாறியது?

1965 டிசம்பர் 8-ம் தேதி சங்கம் முடிந்தபோது 16 ஆவணங்கள் வெளிவந்திருந்தன. முக்கியமானவை:

- வழிபாடு: மக்கள் மொழிகளில் வழிபட அனுமதி. ஆதரவு 2,147, எதிர்ப்பு 4.
- பிற மதங்கள்: இந்து, பௌத்தம், இஸ்லாம் உள்ளிட்ட மதங்களில் உள்ள உண்மையானதும் புனிதமானதுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று அறிவிப்பு. இயேசுவின் மரணத்துக்கு யூதர்கள் அனைவர் மீதும் பழி போடுவதும் நிராகரிக்கப்பட்டது. ஆதரவு 2,221, எதிர்ப்பு 88.
- மதச் சுதந்திரம்: யாரையும் மத விஷயத்தில் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆதரவு 2,308, எதிர்ப்பு 70.
- பிற திருச்சபைகள்: 1054-ல் ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் ஒன்றை ஒன்று சபித்துக்கொண்ட தீர்ப்புகள், 1965 டிசம்பர் 7-ல் இரு தரப்பாலும் நீக்கப்பட்டன.

சங்கம் முடிந்த பிறகு, 1966-ல் தடைசெய்யப்பட்ட புத்தகப் பட்டியல் செல்லாததானது. மறு வருஷம் நவீனக் கொள்கைகளுக்கு எதிரான உறுதிமொழியும் போனது.

வாய்ப்பூட்டுப் போடப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்? கோங்கார் சங்கத்தின் நிபுணராக அழைக்கப்பட்டு பல ஆவணங்களில் பங்காற்றினார். 1994-ல் கர்தினாலும் ஆனார். மதச் சுதந்திர ஆவணத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு முர்ரேயுடையது.

எதிர்த்தவர்கள் சொன்னது என்ன?

எதிர்ப்பு எல்லாமே வீம்பு என்று தள்ளிவிட முடியாது. பல நூற்றாண்டுகளாக உலகம் முழுக்க ஒரே மொழியில் நடந்த வழிபாடு ஒற்றுமையின் அடையாளமாக இருந்தது. நேற்று வரை தவறு என்றதை இன்று சரி என்றால், நாளைக்கு எதை நம்புவது என்ற கேள்வியும் இருந்தது.

சீர்திருத்தத் தரப்பும் எல்லா நேரமும் பெருந்தன்மையாக நடக்கவில்லை. 1962 அக்டோபர் 30-ம் தேதி, பார்வை மங்கிய ஒத்தாவியானி நேரக் கட்டுப்பாட்டைத் தாண்டிப் பேசியபோது மைக் அணைக்கப்பட்டது. ஆயர்கள் சிலர் கை தட்டினார்கள். அவமானப்பட்ட அவர் பல நாட்கள் அவைக்கே வரவில்லை.

மிகக் கடுமையாக எதிர்த்தவர் பிரெஞ்சுப் பேராயர் லெஃபெவ்ர். 1970-ல் தனி அமைப்பு தொடங்கினார். 1988-ல் போப்பின் அனுமதி இல்லாமல் 4 ஆயர்களை நியமித்ததால் சபை விலக்கம் அறிவிக்கப்பட்டது. அந்த நால்வர் மீதான விலக்கத்தை 2009-ல் போப் 16-ம் பெனடிக்ட் நீக்கினார். பழைய லத்தீன் பூசைக்கு 2007-ல் அவர் கொடுத்த தாராள அனுமதியை 2021-ல் போப் பிரான்சிஸ் மீண்டும் சுருக்கினார். அந்தச் சண்டை இன்னும் முழுசாக ஓயவில்லை.

பேச விடாத விஷயங்கள் என்ன ஆயின?

சங்கத்தின் இன்னொரு பக்கம் இதுதான். கருத்தடை விவகாரத்தை அவையில் முடிவெடுக்க விடாமல், தனி ஆணையத்திடம் ஒதுக்கினார் போப் 6-ம் பால். திருமணமான தம்பதிகளும் இருந்த அந்த ஆணையத்தில் பெரும்பாலோர் தடையைத் தளர்த்தப் பரிந்துரைத்தார்கள். ஆனால் 1968-ல் போப் தடையை உறுதிசெய்தார். பல நாடுகளில் பாதிரியார்களே வெளிப்படையாக எதிர்த்தார்கள். பாதிரியார்கள் திருமணம் செய்யாமல் இருக்க வேண்டும் என்ற விதியும் 1965-ல் விவாதத்திலிருந்து விலக்கப்பட்டது.

பெண்கள்? 1964-ல்தான் பார்வையாளர்களாக உள்ளே வர முடிந்தது. மொத்தம் 23 பேர். ஓட்டு கிடையாது. அவையில் எழுந்து பேசவும் முடியாது.

3 வருஷம் வாதாடித் தீர்த்த விஷயங்களுக்கு 2,000-க்கும் மேல் ஓட்டு கிடைத்தது. வாதாடவே விடாத விஷயங்கள் 60 வருஷமாகத் திரும்பத் திரும்ப வந்து நிற்கின்றன.

தமிழ்நாட்டோடு என்ன தொடர்பு?

சங்கத்தின் முடிவுகளை இந்தியாவில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் முன்னணியில் நின்றவர் தமிழரான அருட்தந்தை டி.எஸ். அமலோர்பவதாஸ். 1967-ல் பெங்களூருவில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தின் முதல் இயக்குநர் அவர். பின்னாளில் கர்தினால் ஆன டி. சைமன் லூர்துசாமி அவருடைய அண்ணன்.

1969-ல் இந்திய வழிபாட்டுக்கான 12 அம்ச மாற்றங்களுக்கு ரோம் ஒப்புதல் தந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காருவது, முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்குவது, எண்ணெய் விளக்கு, ஆரத்தி எல்லாம் இதில் அடக்கம்.

இதற்கு இரண்டு பக்கமும் எதிர்ப்பு வந்தது. 'இந்து மதச் சடங்கைக் கொண்டுவருகிறார்கள்' என்றார்கள் பழமைவாதிகள். 'இந்தியப் பண்பாடு என்று நீங்கள் எடுத்தது யாருடைய பண்பாடு?' என்று கேட்டார்கள் தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள். பூசையின் மொழி மாறியது. சில ஊர்களில் சாதிவாரியான கல்லறைத் தோட்டம் அப்படியே இருந்தது. மாற்றத்தை எழுதும் மேசையில் யார் உட்காருகிறார்கள் என்ற அதே கேள்வி, இங்கே வேறு வடிவத்தில் வந்தது.

இப்போது என்ன நிலை?

2023 அக்டோபரில் வத்திக்கானில் நடந்த ஆயர் மாமன்றத்தில் பெண்களுக்கும் பொதுநிலையினருக்கும் முதல்முறையாக ஓட்டுரிமை கிடைத்தது. கர்தினால்களும் அவர்களும் ஒரே வட்ட மேசையில் உட்கார்ந்து பேசினார்கள்.

அதன் இறுதி ஆவணம் 2024 அக்டோபரில் நிறைவேறியது. எல்லாப் பத்திகளும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஓட்டைப் பெற்றன. மிக அதிகமாக, 97 எதிர் ஓட்டுகள் வாங்கிய பத்தி, பெண்களின் பங்கு பற்றியது. பெண்களைத் திருத்தொண்டர்களாக்கலாமா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருப்பதாக அந்தப் பத்தி சொல்கிறது. அந்தக் கேள்வியும் மாமன்றத்தின் மேசையிலிருந்து எடுக்கப்பட்டு, தனிக் குழுவின் ஆய்வுக்குப் போனது.

போப் பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21-ம் தேதி காலமானார். மே 8-ம் தேதி தேர்வான போப் 14-ம் லியோவின் கையில் இப்போது அந்தக் கோப்புகள் இருக்கின்றன. அவர் என்ன முடிவெடுப்பார் என்பதோடு, அதை யார் யாரோடு உட்கார்ந்து எடுப்பார் என்பதையும் கவனிக்க வேண்டும்.