தோற்றோர் ஈட்டிய உரிமை

மைய அரசின் கோப்புகளோடு நாளும் பழகும் நாம், அத்தகைய அரசின் வலிமையை ஐயுற்றோர் வரலாற்றையும் அறிதல் நன்று. 1787-இல் பிலடெல்பியாவில் உருவான அமெரிக்க அரசியலமைப்பு, வரி விதிக்கவும் படை திரட்டவும் நடுவண் அரசுக்கு அதிகாரம் அளித்தது. உரிமைச் சாசனம் அதில் இல்லையென்று வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் கையொப்பமிட மறுத்தார். முடியாட்சியின் சாயலை அதிற் கண்டு பாட்ரிக் ஹென்றி முழங்கினார். எனினும் 1788-இல் வர்ஜீனியப் பேரவை 89-க்கு 79 வாக்குகளால் அதனை ஏற்றது. எதிர்த்தோர் தோற்றனர், அவர்தம் குரலோ தோற்கவில்லை. எதிரணியினரான மாடிசனே திருத்தங்களை முன்மொழிந்தார். 1791-இல் பத்துத் திருத்தங்கள் நிறைவேறின. நடுவணரசுக்கு வழங்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்கிறது பத்தாவது.

மேசனும் ஹென்றியும் அடிமைகளை உடையவர்கள். அவர்கள் வேண்டிய உரிமை அவ்வடிமைகளை எட்டவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆயினும், தோற்றோர் சொல்லையும் ஏட்டில் ஏற்றும் அரசே நிலைக்கும் என்பது நாம் கொள்ளத்தக்க பாடமாகும்.